குழல்வாயில் வேகமும் இலக்கில் வேகமும்: ரைபிள் குண்டுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அதிவேகக் குண்டு நேர்கோட்டில் செல்லும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எந்த வேகத்திலும் குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை. குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. பறக்கும் நேரம் 0.2 விநாடியானால் ஏறக்குறைய 20 செ.மீ., 0.4 விநாடியானால் 78 செ.மீ. தாழ்கிறது; அதாவது நேரம் இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்காகிறது. இலக்கின் தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும், வேகமான குண்டில் அந்தப் பிழையின் விளைவு சிறியதாகவே இருக்கும். வாழ்நாள் முழுவதும் அதிவேகத்தின் மீது எனக்கு ஈடுபாடு நீடித்திருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: இந்த வேகப் போட்டி எப்போது தொடங்கியது?

பதில்: 1884-இல் பிரான்சின் போல் வியேய் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்தே தொடக்கம். அதற்கு முந்தைய கரும் வெடிமருந்தைக் கொண்டு இன்றைய ரைபிள்களின் வேகத்தை எட்டவே முடியாது. எட்டியிருந்தாலும் வெறும் ஈயக் குண்டு அதைத் தாங்கியிருக்காது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882-இல் வடிவமைத்த செப்புறையிட்ட குண்டு அந்தக் குறையைத் தீர்த்தது. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06 என்ற தோட்டா (குண்டும் வெடிமருந்தும் அடங்கிய முழு உறை), 9.7 கிராம் கூர்முனைக் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் செலுத்தியது.

அடுத்து வந்த அமெரிக்கத் தோட்டா வடிவமைப்பாளர் சார்லஸ் நியூட்டனை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர் சாவேஜ் என்ற துப்பாக்கி நிறுவனத்துக்காக வடிவமைத்த .250 தோட்டாவில் 100 கிரெய்ன் (ஏறத்தாழ 6.5 கிராம்) எடையுள்ள குண்டு இருக்க வேண்டும் என்றே விரும்பினார். ஆனால் விநாடிக்கு 3000 அடி என்று விளம்பரப்படுத்துவதற்காக, நிறுவனம் 87 கிரெய்ன் குண்டைத் தேர்ந்தெடுத்து 1915-இல் வெளியிட்டது. எடையை விட்டுக்கொடுத்து எண்ணைப் பெருக்கும் வழக்கம் அதன் பிறகும் ஓயவில்லை. 1935-இல் வின்செஸ்டர் வெளியிட்ட .220 ஸ்விஃப்ட், 48 கிரெய்ன், அதாவது 3.1 கிராம் எடையுள்ள சிறு குண்டை விநாடிக்கு 4110 அடி, ஏறத்தாழ 1250 மீட்டர் வேகத்துக்குக் கொண்டு சென்றது.

கேள்வி: அப்படியானால் நெடுந்தூரத்துக்கு ஸ்விஃப்ட்தானே சிறந்தது?

பதில்: இல்லை. லேசான, குட்டையான குண்டு காற்றுத்தடையால் தன் வேகத்தை விரைவில் இழந்துவிடுகிறது. நீளமும் ஒடுக்கமும் கொண்ட கனமான குண்டு, குறைந்த வேகத்தில் புறப்பட்டாலும் அதை நெடுந்தூரம் காத்துக்கொள்கிறது. பக்கக்காற்று குண்டை எவ்வளவு நகர்த்தும் என்பதை நிர்ணயிப்பது மொத்தப் பறக்கும் நேரம் என்றே பலரும் கருதுகிறார்கள். உண்மையில் அதை நிர்ணயிப்பது, காற்றுத்தடையே இல்லாதிருந்தால் ஆகும் நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு தாமதமாகச் சென்று சேர்கிறது என்பதுதான். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு காற்றற்ற வெளியில் 400 மீட்டரை 0.5 விநாடியில் கடக்கும். காற்றில் அதற்கு 0.6 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் தாமதம் 0.1 விநாடி. பக்கக்காற்று விநாடிக்கு 4 மீட்டர் வீசினால் விலகல் 40 செ.மீ. ஆகவே தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை மட்டும் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: 50 மீட்டர் போட்டி வீரர்கள் மெதுவான தோட்டாவைப் பயன்படுத்துவது ஏன்?

பதில்: மேற்சொன்ன விதியே இங்கும் காரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் .22 லாங் ரைபிள் தோட்டாதான் பயன்படுகிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்; அதை ஒட்டிய வேகங்களில் காற்றுத்தடை திடீரென உயர்கிறது. அதிவேக .22 குண்டு அந்த எல்லைக்கு மேலே புறப்பட்டு அங்கேயே வேகத்தைப் பறிகொடுப்பதால், அதன் தாமதமும் பக்க விலகலும் மெதுவான குண்டுக்கு ஆவதைவிடக் கூடுதலாகின்றன.

கேள்வி: குண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது?

பதில்: குழலின் உட்சுவரில் உள்ள திருகுப் பள்ளங்களான புரிதான் குண்டைச் சுழல வைக்கிறது. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரியுள்ள ஸ்விஃப்ட் குழலில், நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளுக்கும் மேல்.

கேள்வி: வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை உயர்த்தலாமா?

பதில்: கூடாது. தோட்டா தயாரிப்பாளர் வகுத்த உச்ச அளவைத் தாண்டினால் வேகம் சிறிதளவே உயரும், அழுத்தமோ பன்மடங்கு விரைவாக ஏறும். துப்பாக்கி வெடித்துச் சுடுபவரின் கண்ணும் கையும் போகக்கூடும். அளவுக்குள் நின்றாலும் அதிவேகத் தோட்டாக்களின் சூடான வாயு குழலின் தொடக்கப் பகுதியை அரிக்கிறது. குழல் சூடேறிய நிலையில் தொடர்ந்து சுட்டால் அந்த அரிப்பு விரைவுபடும். எனவே சில சுடுதல்களுக்கு ஒரு முறை குழலை ஆறவிடுங்கள்.