வெர்மான்ட் மாநிலத்தில் ஆள் ஏன் இவ்வளவு குறைவு? அதை 'வயதான மாநிலம்' என்று ஏன் சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட்டில் 2020 கணக்கெடுப்பின்படி 6,43,077 பேர்தான். இதைவிடக் குறைவு வயோமிங்கில் மட்டுமே. பெரிய நகரமான பர்லிங்டனிலேயே சுமார் 45,000 பேர். தலைநகர் மான்ட்பீலியரில் 8,000 சொச்சம். நாட்டின் மிகச் சிறிய மாநிலத் தலைநகர் அதுதான்.

'வயதான' என்பது இடைநிலை வயதைக் குறிக்கிறது. எல்லோரையும் வயதுப்படி நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் வயது அது. நாடு முழுவதற்கும் 39 அளவில் இருக்க, இங்கே சுமார் 43.

காரணம் பழையது. மலைச்சரிவு, கல் நிலம், நீண்ட குளிர்காலம். 19ஆம் நூற்றாண்டில் மேற்கே நல்ல நிலம் திறந்ததும் இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். 1850இல் 3.14 லட்சம், ஐம்பது ஆண்டு கழித்தும் 3.44 லட்சம்தான்! இன்றும் படிப்புக்கும் வேலைக்கும் பலர் வெளியேறுகிறார்கள், பிறப்பும் குறைவு. பிள்ளைகள் வெளியூர் போய், தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடு மாதிரி: யாரும் சீக்கிரம் மூப்படையவில்லை, ஆனால் வீட்டின் சராசரி வயது ஏறிவிடுகிறது. பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து, அக்கம்பக்கத்து ஊர்ப் பள்ளிகளை இணைப்பது அங்கே ஓயாத சர்ச்சை.

அப்புறம், கிராமப்புற மாநிலம் என்றால் எல்லோரும் விவசாயிகள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானோர் மருத்துவமனை, பள்ளி, கடை, சுற்றுலா போன்ற வேலைகளில்தான் இருக்கிறார்கள்.