கடலிலிருந்து 150 மீட்டரில் மனை: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நான் சேலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்கு மூட்டு வலி, மேடு பள்ளம் இல்லாத இடத்தில்தான் நடக்க முடியும். வெயிலும் கடற்காற்றும் உள்ள புதுச்சேரியில் போய்க் குடியிருக்க இருவருக்கும் ஆசை. நகரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில், கடலிலிருந்து 150 மீட்டரில் 1,200 சதுர அடி மனை ஒன்றைத் தரகர் காட்டினார். பட்டாவும் பஞ்சாயத்து அப்ரூவலும் இருக்கின்றன, உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் பவர் வாங்கியவர் பத்திரம் எழுதித் தருவார் என்கிறார். இந்த வாரத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். பக்கத்தில் வீடுகளும் இருக்கின்றன. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கள் தவறவில்லை. புதுச்சேரியின் பழைய நகரம் தட்டையான நிலம், தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, மறுநாள் காலை ஏழரை வரை அது நடப்பவர்களுக்கே சொந்தம். உங்கள் கணவரைப் போன்றவர்கள் அங்கே கைத்தடியோடு நிதானமாக நடப்பதை எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன். மே மாதத்திலும் பகல் திரும்பியதும் கடற்காற்று வந்துவிடும். அவசரத்துக்கு ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இத்தனை நல்லதும் நகரத்துக்குள் இருக்கிறது. உங்களுக்குக் காட்டிய மனை நகரத்துக்குள் இல்லை.

முதலில் மனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இன்னும் மேலே போனால் காலாப்பட்டு, அது மறுபடியும் புதுச்சேரி. பத்திரப்பதிவு அலுவலகம், வில்லங்கச் சான்று, ரேஷன் அட்டை எல்லாம் இதைப் பொறுத்து மாறும். ‘பாண்டிச்சேரி பீச் பிளாட்’ என்று விளம்பரம் செய்யப்படும் மனைகளில் பல தமிழ்நாட்டில் இருப்பவை. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்வதால் உங்களுடையதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி அந்த 150 மீட்டர். ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய வீடு கட்டக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்பது இதன் பெயர், சி.ஆர்.இசட். என்பார்கள். 200க்கும் 500க்கும் இடையில் அனுமதி வாங்கிக் கட்டலாம். மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு 2019ஆம் ஆண்டு அறிவிக்கை இந்த 200ஐ 50ஆகக் குறைத்தது. தரகர்கள் அந்த 50ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மனை இருக்கும் ஊர் அந்தப் பிரிவில் வருகிறதா என்பதை ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடம்தான் சொல்ல வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய தரகர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

உயர் அலைக் கோடு என்பது நாம் போய் நிற்கும்போது அலை தொடும் இடம் இல்லை. பெரிய ஓதத்தின்போது நீர் ஏறும் எல்லை அது, வரைபடத்தில் கோடாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதிக்காக இதே பகுதியில் ஒரு மனையைப் பார்க்கப் போனேன். தரகர் ஈர மணலில் நின்றுகொண்டு எட்டு வைத்து எண்ண ஆரம்பித்தார். நான் மனையின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை விரித்து, கிழக்கு எல்லைக் கல் எங்கே என்று கேட்டேன். தேடினோம். கரை ஆள் உயரத்துக்கு அறுந்து, சவுக்கு வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அதற்கும் கிழக்கே, அலை வாங்கும்போது மட்டும் அந்தக் கல்லின் தலை தெரிந்தது. பத்திரத்தில் நிலம் முழுதாக இருந்தது, தரையில் மூன்றில் ஒரு பங்கைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது.

இந்த அரிப்புக்குக் காரணம் உண்டு. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத் தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை தேய்ந்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மணல் போய்க் கருங்கற்கள் வந்ததும் இதனால்தான். எங்கே கல் கொட்டித் தடுக்கிறார்களோ அதற்கு வடக்கே இருக்கும் ஊரை அடுத்து அரிக்கிறது. இன்று 150 மீட்டர் என்றால் பத்து வருடம் கழித்தும் 150 என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

‘பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்கள் அத்தனை பேரும் ஏமாறுவது இந்த ஒரு வாக்கியத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மீனவர்கள் முதலான பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் 100க்கும் 200க்கும் இடைப்பட்ட பகுதியில் தங்கள் குடியிருப்பைக் கட்டிக்கொள்ளவும் புதுப்பிக்கவும் விதியில் இடம் உண்டு. விடியுமுன் படகு இறக்குபவர் கடலை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்க முடியாது. நியாயமான விலக்கு. அது அவர்களுடைய வாழ்க்கைக்காக, அந்தச் சமூகத்தார் குடியிருக்கும் வீட்டுக்காகக் கொடுத்தது. அவரிடமிருந்து நிலத்தை நீங்கள் வாங்கினால் நிலம் வரும், விலக்கு அதோடு சேர்ந்து வராது. ‘அவர் பெயரிலேயே பிளான் போட்டு வீட்டைக் கட்டிவிட்டு அப்புறம் உங்களுக்கு மாற்றிவிடலாம்’ என்று தரகர் அடுத்துச் சொல்வார். அது ஏமாற்று வேலை, மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடம் கேட்டு அந்த மக்கள் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்கான சலுகையைக் காட்டி வெளியூர்க்காரர்களுக்கு மனை விற்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கட்டிவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கேரளத்தில் மரடு என்ற ஊரில் இந்தக் கடலோர விதியை மீறிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் நான்கை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே இருந்தவர்களிடமும் பதிவு செய்த பத்திரம் இருந்தது.

பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று மக்கள் நம்புகிறார்கள். பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அதில் வீடு கட்டலாமா என்று சொல்லாது. வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களைச் சொல்லும், உயர் அலைக் கோடு எங்கே என்று சொல்லாது. பட்டா ஒரு துறையின் இணையதளத்தில், வில்லங்கம் இன்னொன்றில், கடலோர வரைபடம் மூன்றாவதில். சர்வே எண்ணை அடித்தால் ‘இது தடைப் பகுதி’ என்று சிவப்பில் ஒரு வரி வில்லங்கச் சான்றிலேயே வர வைப்பதற்கு என்ன தடை? இதைக் கேட்டு ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். அடுத்த துறைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது, அதோடு சரி. அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஓய்வூதியப் பணம் மணலில் போகிறது.

பஞ்சாயத்து அப்ரூவல் பற்றிச் சுருக்கமாக. மனைப் பிரிவுக்கு ஒப்புதல் தர பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் இல்லை, நகர் ஊரமைப்புத் துறை தர வேண்டும். அந்த ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். ‘2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானது, அதனால் வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்று சொன்னால் பழைய பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் பொதுவாக அதோடு முடிந்துவிடும். அதனால் உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசுங்கள். பேச முடியாது என்றால் விலகிவிடுங்கள். எந்த மனைக்கும் தரகர் கணக்கில் அட்வான்ஸ் போடாதீர்கள், உரிமையாளர் பெயரில் காசோலையாகத்தான் கொடுக்க வேண்டும். ‘இந்த வாரத்துக்குள்’ என்ற கெடுவே, நீங்கள் ஆவணத்தைச் சரிபார்க்கக் கூடாது என்பதற்காக வைப்பது.

என் யோசனை இது. சேலம் வீட்டை விற்காதீர்கள். நகரத்துக்குள் தரைத்தளத்தில் ஒரு வீட்டை ஒரு வருடம் வாடகைக்கு எடுங்கள். முத்தியால்பேட்டைப் பக்கம் பார்த்தால் கடற்கரைச் சாலைக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். கடலுக்கு மிக அருகில் போனால் ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி, வாசல் பூட்டு எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், அதற்கும் செலவு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டாயம் அங்கேயே இருங்கள். மற்ற மாதங்களில் வெயில் ஊரை அழகாகக் காட்டும், மழைதான் தெருவின் மட்டத்தைக் காட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாடகைக்கோ விலைக்கோ எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் வெளிச்சுவரில் அந்த நீர் நின்ற கறையைத் தேடுங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் எதிர் வீட்டுச் சுவரைப் பாருங்கள், அங்கே குடியிருப்பவரிடம் தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்தது என்று கேளுங்கள்.