நூற்றுக்கு மூன்று குறை: மனக்கணக்குப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போதும் மாலை வேளையில் மனக்கணக்கு சொல்லித் தருகிறேன். மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், 47 × 36 போன்ற கணக்கை மனதில் போட்டால் பாதியில் மறந்துவிடுகிறது. தாளில் போடும் முறையில்தான் போடுகிறேன். (ஏழாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்)

தம்பி, அந்த முறைதான் உன்னைப் படுத்துகிறது. தாளில் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கலாம். எழுதிய இலக்கம் பத்திரமாக அங்கேயே இருக்கும். மனதில் அப்படி நிற்காது. பெரிய இடத்திலிருந்து தொடங்கு. 47 × 30 = 1410. 47 × 6 = 282. இப்போது 1410, 1610, 1690, 1692 என்று ஏறிக்கொண்டே போ. பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் பிடித்துக்கொள். ஒரு நேரத்தில் ஓர் எண்தான் மனதில் இருக்க வேண்டும். நாம் எண்ணைச் சொல்வதும் பெரிய இடத்திலிருந்துதானே? 'ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு' என்று விடை வாயில் வரும் வரிசையிலேயே கணக்கும் வரும்.

இன்னும் விரைவாக வேண்டுமென்றால், 47 ஐம்பதுக்கு மூன்று குறை என்று பார். 36 × 50 = 1800. 36 × 3 = 108. கழித்தால் 1692.

5-இல் முடியும் எண்ணின் வர்க்கத்துக்கு ஒரு சுருக்குவழி படித்தேன். ஏன் அப்படி வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. (எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

ஏன் என்று கேட்டாயே, அதற்காகவே உனக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன். 65 × 65-இல் ஒரு 65-இலிருந்து ஐந்தை எடுத்து மற்றதற்குக் கொடு: 60 × 70 = 4200. அப்படி மாற்றும்போது குறைந்துபோவது 5 × 5, அதாவது 25. அதைத் திரும்பச் சேர்த்தால் 4225. 'ஆறை அடுத்த எண்ணால் பெருக்கு, பக்கத்தில் 25 போடு' என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்.

காரணம் தெரிந்தால் அதே வழி வேறு எண்களுக்கும் பயன்படும். இரண்டு எண்களிலும் பத்தாம் இட இலக்கம் ஒரே எண்ணாகவும், ஒன்றாம் இட இலக்கங்களின் கூட்டுத்தொகை பத்தாகவும் இருந்தால் போதும். 63 × 67: ஆறும் அதற்கு அடுத்த ஏழும் பெருக்கினால் 42, மூன்றும் ஏழும் பெருக்கினால் 21, விடை 4221.

காரணம் தெரியாதவர்கள் எங்கே இடறுவார்கள் என்றும் சொல்கிறேன். என்னிடம் படித்த கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, ஒரு போட்டியில் 71 × 79-க்கு 569 என்று எழுதினாள் என்பதை விடைத்தாள் வந்தபின் பார்த்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு, ஓரொன்பது ஒன்பது; இரண்டையும் ஒட்டிவிட்டாள். பின்பகுதிக்கு எப்போதும் இரண்டு இடம் உண்டு, 09 என்று எழுத வேண்டும். விடை 5609. 70 × 80 = 5600 என்று ஒரு கணம் நினைத்திருந்தால் 569 என்ற விடை பேனாவுக்கே வந்திருக்காது. வழியைச் சொன்ன நான் காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து காரணம் சொல்லாமல் எந்தச் சுருக்குவழியையும் நான் கற்பிப்பதில்லை.

11-ஆல் பெருக்க? (ஆறாம் வகுப்பு மாணவன், கரூர்)

இரண்டு இலக்கத்தையும் கூட்டி நடுவில் வை. 11 × 52 = 572. கூட்டுத்தொகை பத்தோ அதற்கு மேலோ வந்தால் முதல் இலக்கத்தோடு ஒன்று சேரும்: 11 × 87-இல் எட்டும் ஏழும் பதினைந்து, விடை 957. ஒரே நாளில் வந்துவிடும்.

97 × 94 போன்ற கணக்குகளை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? விதியைச் சொன்னால் செய்கிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். (கணித ஆசிரியை, விழுப்புரம்)

விதி உங்களுக்குத் தெரியும்: 97 மூன்று குறை, 94 ஆறு குறை. 97-இலிருந்து ஆறைக் கழித்தால் 91, மூவாறு பதினெட்டு, விடை 9118. மறக்காமல் இருக்க ஒரு கட்டத்தாளைக் கொடுங்கள். நூறு கட்டம் நீளம், நூறு கட்டம் அகலம் உள்ள ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். வலப்பக்கம் மூன்று கட்ட அகலத்துக்கு ஒரு பட்டை, கீழே ஆறு கட்ட உயரத்துக்கு ஒரு பட்டை. இரண்டையும் பென்சிலால் நிழலிடட்டும். மொத்தம் 10,000. பட்டைகள் 300, 600. கழித்தால் 9100. அப்போது மூலையைக் காட்டுங்கள்: அங்கே மட்டும் நிழல் இரண்டு முறை விழுந்து கறுத்திருக்கும். அந்த 18 கட்டங்களை இரண்டு முறை கழித்துவிட்டோம், ஒரு முறை திருப்பிக் கொடுக்க வேண்டும். கறுத்த மூலையைப் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

88 × 86-இல் மூலை 12 × 14 = 168. முன்பகுதி 74 என்பது 7400. அதோடு 168 சேர்த்தால் 7568. இதைவிட நூறுக்குத் தள்ளி நிற்கும் எண்களுக்கு இந்த வழியை வற்புறுத்த வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் அழகும் சொல்லலாம். ஒன்பதில் 'பது' இருக்கிறது, தொண்ணூறில் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. அடுத்த படியின் பெயர் அந்தச் சொல்லுக்குள்ளேயே கேட்கிறது. தொண்ணூற்றேழு என்று சொல்லும்போதே நூற்றுக்கு மூன்று குறை என்று நினைக்கப் பழக்குங்கள்.

விடையைச் சரிபார்க்க நேரமே கிடைப்பதில்லை, சார். (ஒன்பதாம் வகுப்பு மாணவன், மதுரை)

ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியைப் பார். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். 97 → 16 → 7. 94 → 13 → 4. ஏழு நான்கு 28 → 10 → 1. விடை 9118 → 19 → 10 → 1. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பழகினால் சில நொடிகள்தான். ஆனால் 9118-ஐ அவசரத்தில் 9181 என்று மாற்றி எழுதினால் இந்தச் சோதனை பிடிக்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறவில்லையே! அந்தப் பிழையைப் பதினொன்றின் மீதி காட்டிக்கொடுக்கும். இலக்கங்கள் இடம் மாறும் பழக்கம் உனக்கு இருந்தால் அதையும் கற்றுக்கொள்.

டெக்சாஸில் இருக்கிறோம். மகன் பள்ளிகளுக்கிடையிலான 'நம்பர் சென்ஸ்' போட்டிக்குப் போகிறான். பத்து நிமிடத்தில் 80 கேள்விகள், அழிக்கக் கூடாது, துணைக்கணக்கு எழுதக் கூடாது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு 5 சதவீதத்துக்குள் விடை இருந்தால் போதும் என்கிறார்கள். (ஒரு தந்தை)

நட்சத்திரக் கேள்விகளில் துல்லியமான விடையைத் தேடி நேரத்தை இழக்கும் பிள்ளைகள் நிறைய. ஓர் எண்ணை ஏற்றினால் மற்றதை இறக்கச் சொல்லுங்கள். 387 × 52-ஐ 400 × 50 ஆக்கினால் 20,000. உண்மை விடை 20,124. இரண்டு எண்களையும் ஒரே பக்கம் நகர்த்தினால் பிழை பெருகும், எதிரெதிராக நகர்த்தினால் ஒன்றையொன்று ஈடுசெய்யும். அந்தப் போட்டியில் கடைசியாகத் தொட்ட கேள்விக்கு முன்னால் விட்டுச்சென்றவையும் தவறாகக் கொள்ளப்படும். ஆகவே கண்டபடி தாவாமல் வரிசையாகப் போகப் பழக்குங்கள்.

வேத கணிதம் உண்மையிலேயே வேதங்களில் இருக்கிறதா? (கல்லூரி மாணவர், சேலம்)

அந்தப் பெயரில் பரவியிருக்கும் முறைகள் பூரி மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1965-இல் வெளிவந்த நூலிலிருந்து வந்தவை. அதிலுள்ள சூத்திரங்கள் நம்மிடம் உள்ள வேதப் பாடங்களில் இல்லை. முறைகள் பலவும் நல்ல இயற்கணிதம். அந்த மதிப்பிலேயே அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் பத்து வயது. சும்மா கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்கிறாள். கடிகாரம் வைத்தால் அழுகிறாள். (ஒரு தாய், திருநெல்வேலி)

கடிகாரத்தை எடுத்துவிடுங்கள் அம்மா. ஒரு மாதத்துக்கு அது அவள் கண்ணில் பட வேண்டாம். பத்துக் கணக்கு கொடுங்கள், எத்தனை சரி என்பதை மட்டும் பேசுங்கள். நீங்கள் காய் நறுக்கும்போது 37 என்று சொல்லுங்கள், அவள் 63 என்று சொல்லட்டும். நூற்றை நிரப்பும் விளையாட்டு அது: பத்துகள் சேர்ந்து ஒன்பது, ஒன்றுகள் சேர்ந்து பத்து. நீங்கள் தவறும்போது அவள் உங்களைத் திருத்தட்டும், அதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. வேகம் பழக்கத்தில் தானாக வரும். அப்படியும் போட்டி என்றதும் கண் கலங்கினால், இந்த ஆண்டு போட்டியே வேண்டாம். கணக்கு அவளோடு வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகிறது; அதன்மேல் பயத்தை ஏற்றிவிடாதீர்கள்.

என் தந்தை மா, காணி, மாகாணி என்று வாய்ப்பாடு சொல்வார். இன்றைய பிள்ளைகளுக்கு அதனால் பயன் உண்டா? (எழுபது வயது வாசகர், கும்பகோணம்)

ஐயா, நிச்சயமாக உண்டு. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று, அதன் பெயரே மாகாணி. பெயருக்குள் ஒரு கூட்டல் கணக்கையே வைத்திருக்கிறார்கள்! பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் ஓர் அணா ரூபாயில் மாகாணி. 1957-இல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தபின் அந்தப் பழக்கம் கைவிட்டுப் போயிற்று.

போட்டியில் 48 × 125 கேட்டால் என் பிள்ளைகள் பெருக்குவதில்லை. 125 ஆயிரத்தில் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. 48-இல் அரைக்கால் ஆறு, விடை ஆறாயிரம். 6.25 சதவீதம் கேட்டால் அது மாகாணி: நான்கு முறை பாதியாக்க வேண்டும். 48, 24, 12, 6, 3.

உங்கள் தந்தை சொன்ன வாய்ப்பாட்டில் நினைவிருப்பதை, இரண்டு வரியானாலும், எழுதி அனுப்புங்கள் ஐயா. சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைக்கிறேன்.