பேசும் ஞாயிறு: வானொலிப் பக்கம், கேள்வி பதில்

பிரிட்டனின் பேச்சு வானொலியான பிபிசி ரேடியோ 4-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று முன்பு எழுதியிருந்தோம். தேவாலய மணியில் தொடங்கி வழிபாடு, செய்தி, நாடகம், தோட்டக்கலை என்று நாள் நகர்ந்து அரசியல் அலசலில் முடியும். அதையொட்டி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும் இங்கே.

கே: ஞாயிறு காலை 8 மணிக்கு இணையத்தில் ரேடியோ 4 போட்டேன். நீங்கள் எழுதிய எதுவும் வரவில்லை, உலகச் செய்திதான் ஓடுகிறது. நிலையத்தை மாற்றிப் போட்டுவிட்டேனா? (கல்லூரி மாணவி, ஓசூர்)

நிலையம் சரிதான், நேரம்தான் இடிக்கிறது. உங்கள் காலை 8 மணி, குளிர்காலத்தில் லண்டனின் அதிகாலை 2.30. நள்ளிரவுக்குப் பின் 1 மணி முதல் விடியும்வரை ரேடியோ 4 தன் அலைவரிசையில் பிபிசி உலக சேவையைத்தான் ஒலிபரப்பும். ஆகவே குளிர்காலத்தில் நம் காலை 11 மணிக்கு முன் போட்டுப் பயனில்லை.

கணக்கு இதுதான்: அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை, அவர்கள் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டுங்கள். மற்ற மாதங்களில் நாலரை மணி. காலை 8.10 வழிபாடு நமக்குக் குளிர்காலத்தில் பகல் 1.40, கோடையில் 12.40. 9 மணிக்கு வரும் ‘பிராட்காஸ்டிங் ஹவுஸ்’ செய்தி இதழ் 2.30 அல்லது 1.30. பகல் 1 மணி செய்தி நமக்கு மாலை 6.30 அல்லது 5.30. இரவு 10 மணி அரசியல் அலசலான ‘வெஸ்ட்மின்ஸ்டர் அவர்’ திங்கள் விடிகாலைக்குப் போய்விடும், அதற்காகக் கண்விழிக்க வேண்டாம். பதிவை மறுநாள் கேட்டால் போதும்.

கடிகாரம் மாறுவதே ஒரு ஞாயிறு விடியலில்தான். அந்த இரண்டு ஞாயிறுகளிலும் பழைய கணக்கில் காத்திருப்பவர்கள் ஒரு மணி நேரம் ஏமாறுவார்கள்.

இன்னொன்று. பிபிசியில் மணி பிறப்பதைச் சொல்லும் ஆறு ‘பிப்’ ஒலிகள் 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கின்றன. முதல் ஐந்தும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நீளம், ஆறாவது அரை நொடி. அந்த ஆறாவது தொடங்கும் கணமே மணி. ஆனால் இணைய ஒலிபரப்பு தாமதமாகவே வந்து சேரும். அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

கே: அவர்களுடைய தோட்டக்கலைக் கேள்வி பதில் நம்மைப் போன்ற தக்காளி விவசாயிக்கு உதவுமா? (பாலக்கோடு)

கேட்க உதவும், அப்படியே செய்து பார்க்க உதவாது. ‘கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்’ 1947 ஏப்ரல் 9 முதல் நடக்கிறது. வெள்ளிக்கிழமை ஒலிபரப்பு, ஞாயிறு பகல் 2 மணிக்கு மறு ஒலிபரப்பு. நிபுணர் குழு ஊர் ஊராகப் போய் உள்ளூர் மக்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்கிறது. கேட்பவர் தன் மண்ணையும் மழையையும் சொல்லித்தான் கேட்பார் என்பதால் பதில் நழுவாமல் இருக்கும். அதே காரணத்தால் அது உங்கள் நிலத்துக்குப் பொருந்தாது. அவர்களின் தக்காளி பெரும்பாலும் கண்ணாடிக் கூடத்துக்குள், கடைசி உறைபனிக்குப் பயந்து வளர்வது. குளிர்ந்த ஈரக்காற்றில் இலை கருகும் நோய் இரண்டு ஊருக்கும் பொது. மருந்தும் அளவும் மட்டும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் முழுதும் வந்த பகுதிகளைச் சேர்த்து ஞாயிறன்று தரும் ‘ஆர்ச்சர்ஸ்’ நாடகமும் உழவுக்காகப் பிறந்ததே. போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டில், விவசாயிகளுக்குப் புது முறைகளைக் கதையாகச் சொல்ல 1951 ஜனவரி 1 அன்று நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கியது. இந்த விஷயத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. 1960-களில் திருச்சி வானொலி சொல்லித் தஞ்சை வயல்களில் பரவிய ஏ.டி.டி. 27 நெல் ரகத்தை மக்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள்.

கே: ஓசூரில் தருமபுரி பண்பலை 102.5-ஐ வைத்தால் இந்திப் பாட்டு குறுக்கே வருகிறது. ஏரியலை முழுக்க இழுத்தால் இன்னும் மோசம். என்ன செய்வது?

குறுக்கே வருவது அநேகமாக பெங்களூரு விவித்பாரதி, 102.9. இரண்டுக்கும் இடையே 0.4 மெகாஹெர்ட்ஸ்தான். பெங்களூரு உங்களுக்குப் பக்கம், தருமபுரி தூரம். மலிவான பெட்டியில் வடிகட்டி அகலமாக இருக்கும், பலமான நிலையம் பக்கத்து இடத்துக்கும் வழியும். ஏரியலை நீட்டினால் இரண்டும் சேர்ந்தே வளரும், முதலில் திணறுவது பெட்டிதான். எனவே முதல் வைத்தியம் ஏரியலைப் பாதியாகச் சுருக்குவது. ‘லோக்கல் / டிஎக்ஸ்’ சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது இடம். பெங்களூரு உங்களுக்கு வடமேற்கே, தருமபுரி தென்கிழக்கே. வீட்டின் தென்கிழக்கு ஜன்னலில் பெட்டியை வைத்தால் பின்னாலிருக்கும் கான்கிரீட் சுவர்கள் பெங்களூரைக் கொஞ்சம் மறைக்கும்.

வெளி ஏரியல் கட்டுவதானால் கவனம். 102.5-க்கு இரண்டு கம்பி டைபோல் என்றால் மொத்த நீளம் சுமார் 1.39 மீட்டர், ஒரு கை 69 செ.மீ. பாலக்கோட்டிலோ அரூரிலோ இதுவே போதும். ஓசூரில் இது உதவாது, ஏனென்றால் டைபோல் முன்னும் பின்னும் ஒரே அளவு வாங்கும். உங்களுக்கு இரண்டு நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், எதிரெதிராக இருக்கின்றன. பின்பக்கத்தை அடக்கும் மூன்று உறுப்பு யாகி ஏரியலைத் தருமபுரி நோக்கி நிறுத்த வேண்டும்.

செல்போன் எஃப்எம்மில் கேட்பவர்களுக்கு: காதொலிக் கம்பிதான் அங்கே ஏரியல். சுருட்டி வைக்காமல் தொங்கவிடுங்கள்.

கே: மீடியம் வேவில் பேச்சே புரியவில்லை, ஒரே இரைச்சல். பாட்டு மட்டும் பரவாயில்லை. (தருமபுரி)

பாட்டில் ஒரு வரி போனால் மனம் நிரப்பிக்கொள்ளும். பேச்சில் ஒரு சொல் போனால் போனதுதான்.

முதலில் இரைச்சல் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மலிவு எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இந்த மூன்றில் ஒன்று. மாற்ற முடியாவிட்டால் பெட்டியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தாலே நிறையக் குறையும்.

அடுத்தது பெட்டி நிற்கும் திசை. மீடியம் வேவுக்கு வெளியே நீளும் ஏரியல் வேலை செய்யாது. உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் கம்பிதான் அலையை வாங்கும். பெட்டியின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டு முனை பார்த்தால் ஒலி அடங்கிவிடும். தருமபுரியிலிருந்து பெங்களூரு (612 கிலோஹெர்ட்ஸ்) வடமேற்கே, திருச்சி (936) ஏறக்குறைய அதன் எதிர்த்திசையில். பெட்டியை ஒருமுறை நிறுத்தினால் இரண்டும் வரும். சென்னை (720) வேண்டுமென்றால் கிட்டத்தட்ட கால் சுற்றுத் திருப்புங்கள். இதே வித்தையைத் தலைகீழாகவும் செய்யலாம்: தொல்லை தரும் பல்பை நோக்கிப் பெட்டியின் முனையைக் காட்டினால் இரைச்சல் மங்கும்.

பெட்டியில் பேஸை, அதாவது அடித்தொனியை, குறைத்து வையுங்கள். சொல்லைப் புரியவைக்கும் ஒலி பெரும்பாலும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள், அதாவது தொலைபேசி அளவுக்குள் அடங்கும். தரையில் வைத்த பெட்டி கும்மென்று ஒலிக்கும், காது மட்டத்தில் வைத்தால் தெளியும்.

கே: ‘வைக்கிங், டாகர், ஃபிட்ஸ்ராய்’ என்று மந்திரம்போல் ஒன்று வருகிறதே? (ஊத்தங்கரை)

கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டனைச் சுற்றிய கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வைக்கிங்கில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் வாசிப்பார்கள். அறிக்கைக்கு 350 சொல் வரம்பு உண்டு, அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கண்டிப்பான பொருள். சூறைக்காற்று எச்சரிக்கையில் ‘இம்மினென்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள், ‘சூன்’ என்றால் 6 முதல் 12 மணி நேரம், ‘லேட்டர்’ என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். கடைசியில் தனியாக வரும் ‘குட்’ என்பது பாராட்டு அல்ல. கண்ணுக்கு 5 கடல் மைலுக்கு மேல் தெரிகிறது என்று பொருள். ‘மாடரேட்’ 2 முதல் 5 மைல். ‘புவர்’ 2 மைலுக்குள், 1,000 மீட்டருக்குக் குறையாமல். கடலே இல்லாத ஊத்தங்கரையில் இதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் ஆங்கில உச்சரிப்புப் பழக இதைவிட நிதானமான வாசிப்பு கிடைப்பது அரிது.

கே: தமிழோசை இன்னும் சிற்றலையில் வருகிறதா? (தேன்கனிக்கோட்டை)

இல்லை. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி, அதாவது தமிழோசை, 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இரவு 9.15-க்குப் பெட்டியைத் திருகிப் பயனில்லை.

கே: தனித்தீவுக்கு எட்டு இசைத்தட்டு கொண்டுபோகும் நிகழ்ச்சிபோல எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிறு நடத்தலாமா? (கிருஷ்ணகிரி)

தாராளமாக. 1942 ஜனவரியில் ராய் பிளம்லி தொடங்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ அது. தனித்தீவில் மாட்டிக்கொண்டால் எவை வேண்டும் என்று விருந்தினர் சொல்வார்: எட்டு இசைத்தட்டு, ஒரு புத்தகம், பயன்பாடில்லாத ஒரு ஆடம்பரப் பொருள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் அந்த இடத்தில் திருக்குறளை வைத்துக்கொள்ளலாம். விருந்தினரிடம் பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், மேடையில் யோசிக்க விட்டால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் சொல்வார்கள். பாட்டு முக்கால் நிமிடம் போதும், பேச்சு நான்கு நிமிடம்: மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள் முடியும். “இது ஏன் பிடிக்கும்?” என்று கேட்காதீர்கள், “இதை முதலில் எங்கே கேட்டீர்கள்?” என்று கேளுங்கள். கடைசியில் எட்டில் ஏழை அலை அடித்துப்போகட்டும், மிஞ்சும் ஒன்றை அவரே சொல்லட்டும்.