முழு வட்ட ரேடாருக்கு மூன்று பேனலா, நான்கா?

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். சுழலாத ரேடார் ஒன்றைக் கணினியில் வடிவமைக்கிறோம். ஒரு பேனல் (தட்டையான ஆன்டெனாப் பலகை) இருபக்கமும் 60 பாகை வரை ரேடியோ அலைக் கற்றையைத் திருப்பும் என்றால், 360 பாகைக்கு மூன்று பேனல் போதுமே? நான்கு வைப்பதைவிடச் செலவும் கால்வாசி மிச்சம்தானே?

பதில்: மூன்று போதும். ஆனால் நீங்கள் நினைக்கும் மிச்சம் கிடைக்காது.

கற்றையைத் திருப்பும்போது பேனல் அசைவதில்லை. அதனால் இலக்கு இருக்கும் திசையிலிருந்து பார்த்தால் அதன் பரப்பு சுருங்கித் தெரியும். 60 பாகையில் அது சரிபாதி. அனுப்பும்போதும் இந்த இழப்பு, வாங்கும்போதும் இதே இழப்பு. ஆக, திரும்பி வரும் சிக்னல் கால்பங்கு. பார்க்கும் தொலைவு சிக்னலின் நான்காம் படிமூலப்படி (வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்) குறைவதால், நேர் எதிரே 100 கி.மீ. பார்க்கும் ரேடார் அந்த ஓரத்தில் 71 கி.மீ.தான் பார்க்கும். கற்றையும் இருமடங்கு அகலமாகி, திசைத் துல்லியம் கெடும். நான்கு பேனல் வைத்தால் ஒவ்வொன்றும் 45 பாகையோடு நின்றுவிடலாம். அங்கே 84 கி.மீ. கிடைக்கும்.

சரி, மூன்று பேனலையும் பெரிதாக்கி அந்த 84-ஐ எட்டலாமே? எட்டலாம். ஒவ்வொன்றிலும் சுமார் 26 சதவீதம் கூடுதல் உறுப்புகள் (பேனலில் அடுக்கியிருக்கும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள்) வேண்டும். நான்கு பேனலுக்கு ஆகும் உறுப்புகள் 4 பங்கு என்றால், இதற்கு 3.8 பங்கு. மிச்சம் அங்கேயே கரைந்துவிட்டது. அதோடு, 60 பாகை வரை போனால் தவறான திசையில் இன்னொரு கற்றை முளைக்காமலிருக்க உறுப்புகளை இன்னும் நெருக்கி அடுக்க வேண்டும். 10 செ.மீ. அலைநீளத்தில் 45 பாகைக்கு 5.86 செ.மீ. இடைவெளி போதும், 60 பாகைக்கு 5.36. இதையும் சேர்த்துப் பாருங்கள், மூன்று பேனலே அதிக உறுப்புகளைக் கேட்கும்.

நம் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா போர்க்கப்பலின் கோபுரத்திலும் அமெரிக்காவின் ஏஜிஸ் போர்க்கப்பல்களிலும் நான்கு பேனல் இருப்பது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. மூன்று பேனலுக்கும் இடமுண்டு: நம் விமானப்படையின் ஃபால்கன் ரேடார் விமானத்தில், மேலே உள்ள சுழலாத குவிமாடத்துக்குள் முக்கோணமாக மூன்று பேனல்கள் இருக்கின்றன.

உங்கள் அறிக்கையில் தொலைவை நேர் எதிர்த் திசைக்கு மட்டும் போடாதீர்கள். இரண்டு பேனல்கள் சந்திக்கும் ஓரத்துக்கும் போடுங்கள். அப்புறம், இலக்கின் இருப்பிடம் சில விநாடிகளுக்கு ஒருமுறை தெரிந்தால் போதும் என்றால், ஒரே பேனலைச் சுழல விடுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 சுற்று என்றால் 2 விநாடிக்கு ஒருமுறை எல்லாத் திசையும் வந்துவிடும், உறுப்புகளின் செலவோ ஒரு பேனலுக்கு மட்டும்தான்.