கேள்வி பதில்: பாலம் யார் கையில்?

கேள்வி: போர் விமானம், டாங்கி எல்லாம் வைத்திருந்த சூடான் ராணுவத்துக்கு, பிக்கப் வண்டியில் வந்தவர்களிடமிருந்து சொந்தத் தலைநகர் கார்ட்டூமை மீட்க ஏன் இரண்டு வருடம் ஆனது?

பதில்: 'வந்தவர்கள்' என்கிறீர்களே, அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, ஊருக்குள்ளேயேதான் இருந்தார்கள். நாட்டின் மேற்கே உள்ள டார்ஃபூர் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க அரசே வளர்த்துவிட்ட ஜஞ்சவீத் கும்பலில் இருந்து 2013-ல் உருவானதுதான் ஆர்.எஸ்.எஃப். (அதிவிரைவு ஆதரவுப் படை) என்ற துணை ராணுவப் படை, 2021-ல் ராணுவத் தளபதி புர்ஹானும் ஆர்.எஸ்.எஃப். தலைவர் ஹெமெத்தியும் கைகோத்துத்தான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 2023 ஏப்ரல் 15-ல் இருவரும் மோதிக்கொண்டபோது அரண்மனைப் பக்கமும் விமான நிலையப் பக்கமும் ஹெமெத்தியின் ஆட்கள் முன்பே நின்றிருந்தார்கள். கால்நடையாகத் தெருவில் இறங்கிச் சண்டை போடும் வேலையைப் பல வருடமாக இவர்களைப் போன்றவர்களிடம் விட்டுப் பழகிய ராணுவத்திடம், தெருவில் இறக்க ஆள் போதவில்லை. விமானம் குண்டு போடும், கட்டடம் இடியும், சரி. இடிந்த வீட்டுக்குள் நுழைந்து மாடியில் இருக்கிற துப்பாக்கிக்காரனை விரட்ட மனிதன்தானே போக வேண்டும்?

அப்புறம் ஆறு. நாம் கார்ட்டூம் என்று ஒரே பெயராகச் சொன்னாலும் அது கார்ட்டூம், பஹ்ரி, ஓம்துர்மான் என மூன்று ஊர். நீல நைலும் வெள்ளை நைலும் நடுவில் வந்து கலக்கின்றன. பாலம் யார் கையிலோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். ராணுவத்தின் தலைமையகம் ஒரு கரையில், சிக்னல் படை முகாம் மறுகரையில், டாங்கிகள் கொண்ட கவசப் படை கார்ட்டூமின் தெற்கே ஷஜராவில், ஒவ்வொன்றும் தனித்தனியாக முற்றுகையில் கிடந்தது. புர்ஹானே 2023 ஆகஸ்ட் வரை தலைமையகத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த நவம்பரில் ஷம்பாத் பாலம் உடைந்தது (உடைத்தது நீதான் என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லின), ஓம்துர்மானில் இருந்த ஆர்.எஸ்.எஃப். ஆட்களுக்குப் பஹ்ரியிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றது. என்னைக் கேட்டால் திருப்பம் அங்கேதான். 2024 செப்டம்பரில் ராணுவம் பாலங்களைத் தாண்டியது, 2025 மார்ச் 21-ல் அரண்மனை திரும்பக் கிடைத்தது.

கேள்வி: அங்கே இருந்த ஜனங்கள்?

பதில்: 30 லட்சத்துக்கும் மேல் வெளியேறினார்கள். போக வழியில்லாதவர்கள், தெருமுனையில் துப்பாக்கி குறிபார்த்திருந்ததால் இடுகாடு வரைகூடப் போக முடியாமல், இறந்தவர்களை வீட்டு முற்றத்திலும் விளையாட்டு மைதானத்திலும் புதைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் பார்த்தது கட்டில், பீரோ போன வீட்டை மட்டுமில்லை. செம்புக் கம்பிக்காகச் சுவரையே கொத்தி ஒயரை உருவியிருந்தார்கள்.

கேள்வி: போர் முடிந்துவிட்டதா?

பதில்: இல்லை. இடம் மாறியது. 2025 அக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம் ஆர்.எஸ்.எஃப். வசம் விழுந்தது.

கேள்வி: கார்ட்டூம் இதற்கு முன் இப்படி முற்றுகையைப் பார்த்ததுண்டா?

பதில்: உண்டு. 1884-85-ல், கிளர்ச்சி செய்த மதத் தலைவர் மஹ்தியின் படை பத்து மாதம் வளைத்து நின்றது, உள்ளே பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன். அப்போதும் ஆறுதான் தீர்மானித்தது: வெள்ளை நைலில் தண்ணீர் வற்றி, காப்பரண் முடியும் இடத்தில் சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தது, 1885 ஜனவரி 26 விடியலில் அந்த வழியாகவும் உள்ளே புகுந்து கார்டனைக் கொன்றார்கள். உதவிக்கு வந்த நீராவிப் படகுகள் கார்ட்டூமை எட்டியது 28-ம் தேதி.