புலியைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். வார நாள்களில் எங்கள் மூன்று வயது மகனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். உள்ளே நுழையும்போதே மணி பதினொன்றாகிவிட்டது. அரை மணி நேரத்தில் தூக்கச் சொல்லி அழத் தொடங்கியவன், புலி இருக்கும் இடத்தை அடைந்தபோது தோளிலேயே தூங்கிவிட்டான். எழுப்பினால் மேலும் அழுகை. திரும்பும் வழியில் எங்கள் இருவருக்கும் சண்டை. வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் அவன் சொன்ன ஒரே செய்தி, அங்கே ஒரு குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது என்பதுதான். இந்த வயதில் குழந்தையை வெளியே அழைத்துச் செல்வதில் பயன் உண்டா?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் மகன் அன்று நன்றாகத்தான் பொழுதைக் கழித்திருக்கிறான் அம்மா, ஒழுகும் குழாயைப் பார்த்திருக்கிறான், அதை நினைவில் வைத்திருந்து பாட்டியிடம் சொல்லவும் செய்திருக்கிறான். நீங்கள் காட்ட நினைத்ததை அவன் பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் வருத்தம். வண்டலூர்ப் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். பெரியவர்களுக்கே முழங்கால் வலிக்கும் அந்தத் தூரத்தை, வழக்கமாக உண்டு உறங்கும் நேரத்தில் ஒரு மூன்று வயதுக் குழந்தை நடந்து கடக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். நண்பகல் வெயிலில் புலியும் நிழலில் படுத்துத்தான் கிடக்கும். அந்த வேளையில் புலிக்கும் உங்கள் மகனுக்கும் தேவைப்பட்டது ஒன்றே.

மறுபடியும் செல்வதானால், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வேறொரு நாளில் காலையில் வாயில் திறக்கும்போதே உள்ளே சென்றுவிடுங்கள். யானையும் குரங்கும் என இரண்டே விலங்குகளைத் தேர்ந்துகொண்டு, பேட்டரி வண்டியில் ஏறிப் போய், அவன் போதும் என்னும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்குத்தான் பெரும்பாலான குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிறது.

குரோம்பேட்டையில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனையும் சொல்வேன். மின்சார ரயிலில் எழும்பூர் வரை சென்று வாருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் கூட்டம் குறைவாக இருக்கும். ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால், திரிசூலத்தை ஒட்டிய விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானம் ஒன்றாவது கண்ணில் படக்கூடும். எதிரே வரும் ரயில், நிலையத்துக்கு நிலையம் மாறும் பெயர்ப்பலகை, கொய்யா விற்பவரின் குரல் என்று அவனுக்கு அந்தப் பயணமே போதும். நேரமிருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புங்கள். வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை. பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்ததை உங்கள் மாமியார் கேள்விப்பட்டிருக்கலாம். 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கப்பட்ட மிருகக்காட்சி சாலைதான் பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்து, 1985-இல் வண்டலூருக்கு மாறியது. அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வாரம் முழுவதும் குழந்தையோடு வீட்டுக்குள் இருப்பவர் அவர்தானே. அவர் தனியே ஓய்வெடுக்க விரும்பினால், அன்று வீட்டில் சமையல் வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டையைப் பற்றி ஒரு சொல்: யார் பையைத் தூக்குவது, யார் பிள்ளையைத் தூக்குவது என்பதை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பேத்தியை மாலையில் மெரினாவுக்கு அழைத்துச் செல்கிறேன். அலையில் கால் நனைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கவைக்கலாமா? என் மருமகள் கூடாது என்கிறார்.
– ஒரு தாத்தா, திருவல்லிக்கேணி

பதில்: மருமகள் சொல்வதே சரி, ஐயா. மெரினா குளிப்பதற்கு ஏற்ற கடற்கரை அன்று; கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடுகிறது, திரும்பும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. உங்களுக்கு முழங்கால் அளவு என்பது அவளுக்கு ஏறக்குறைய இடுப்பளவு. அடுத்த அலை எவ்வளவு உயரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பிடித்த கை ஈரத்தில் வழுக்கினால், அவளைத் தேடி நீங்களும் உள்ளே இறங்க நேரும்.

ஆனால் கடலே கூடாது என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு சிறிய வாளியும் பழைய கரண்டியும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டுபோய், அலை எட்டாத தொலைவில் மணலில் குழி தோண்டி ஊற்றினால், அவளுக்கென்று ஒரு கடல் அங்கே கிடைத்துவிடும். ஐந்து மணிக்குப் பிறகு சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இறங்கிவிடுவதால் மணலும் ஆறியிருக்கும். மணலில் கண்ணாடித் துண்டும் ஐஸ் குச்சியும் புதைந்து கிடப்பதுண்டு. தோண்டும் இடத்தை முதலில் உங்கள் கையால் கிளறிப் பாருங்கள். கூட்டம் மிகுந்த நாளில், உங்கள் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவள் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கோடை விடுமுறையில் குழந்தையை ஷாப்பிங் மாலுக்கு மட்டுமே அழைத்துச் செல்வது தவறா? வெளியே செல்லும்போது உணவுக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: தவறே இல்லை. மே மாதச் சென்னையில் குளிர்சாதனமும் தூய்மையான கழிவறையும் ஒரே இடத்தில் கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடும் அளவுக்கு நான் கண்டிப்பானவள் அல்லள். விளையாட்டுப் பகுதியில் எத்தனை ஆட்டம் என்பதை மட்டும் உள்ளே நுழையும் முன்பே எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்குச் சிறிது நெய்யும் சர்க்கரையும் தடவிய இட்லி போதும். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து சிறிதளவே தயிர் விட்டு எடுத்துச் சென்றால் பகல்வரை புளிக்காது. வெயிலில் அலைந்து வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால், மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, உறையில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதே அளவில் கரைத்துக் கொடுங்கள். காகிதப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் அதற்கு ஈடாகாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பல மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சென்றுவிடுங்கள்.